நாற்பத்தொரு கழிகள்

பொதட்டூர்பேட்டை பக்கம்,
11 மே 2025, ஞாயிறு

மாஹிரா,

'அன்புள்ள' போடலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் போடவில்லை. கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

அத்தை ஊரிலிருந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை முகாமிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய நைனா, கும்மிடிப்பூண்டி வீட்டில் இறங்கி ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்க விடவில்லை. நேராக இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு மறுநாள் ஷிப்டுக்குக் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார். போன் அவரிடம். அத்தையின் போனில் உன் உம்மாவைக் கூப்பிடலாம்தான். பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், நான் கேட்க வந்தது அப்படியே போய்விடும். அதனால்தான் கடிதம்.

எச்.எம். என்னிடம் விளக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார். எழுதி அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒரு தடவை எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து:

"நமது பள்ளி சேவை மன்றத்தின் கோடை முகாம் மே ஐந்தாம் தேதி முதல் பழவேற்காட்டில் நடந்தது. ஏரிக்கரையில் சேர்ந்த குப்பையை அள்ளுவது வேலை. மூன்றாம் நாள், முழங்கால் தண்ணீரில் நட்டிருந்த நாற்பத்தொரு கழிகளையும் குப்பை என்று நினைத்துப் பிடுங்கிக் கரையில் குவித்தோம். மறுநாள் மதியச் சாம்பாருக்கு அவற்றை விறகாக எரித்தோம். யார் எந்த நாள் எங்கே வலை கட்டலாம் என்று மீனவர்கள் முறை வைத்து நட்ட அடையாளம் அவை என்பது பிறகுதான் தெரிந்தது. பிடுங்கச் சொன்னது மன்றத் தலைவியான நான்."

கடைசி வரி உண்மை. அதற்கு முன்னால் வரவேண்டிய ஒரு வரியை நான் எழுதவில்லை. பிடுங்குவதற்கு முன்னால் உன்னைத்தான் கேட்டேன். "இன்னா மாஹிரா, இது வேணுமா, வேணாமா?" என்றேன். முப்பத்திரண்டு பேரில் நீ ஒருத்திதான் அந்த ஊர்க்காரி. நீ ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழசுதான், புடுங்கலாம்" என்றாய். மறுநாள் சாயந்திரம் அவர்கள் கத்திக்கொண்டு வந்தபோது தண்ணீர் கேனுக்குப் பின்னால் நின்று துப்பட்டா முனையை முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாய். முகாமுக்குப் பொறுப்பாக வந்த தாவீது சார் "யார் சொல்லி புடுங்கினீங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன், நான் என்று. உன் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது?

ஒரே ஒரு கேள்வி. தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா?

மீனவர்கள் பள்ளியில் கொடுத்த புகாரை எழுத்தில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம். முப்பதாம் தேதிக்குள் அது நடக்காவிட்டால் வந்து டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நைனா இங்கே பள்ளிக்கூடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நந்தினி

பழவேற்காடு,
14 மே 2025

அன்புள்ள நந்தினிக்கு,

நான் 'அன்புள்ள' போட்டுவிட்டேன்.

உன் கடிதம் மதியம் வந்தது. மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். எங்கள் மாடியிலிருந்து ஏரி தெரியும் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? இப்போது முகத்துவாரத்தில் மணல் மேவிவிட்டதால் தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்குகிறது. காலையில் எழுந்து பார்த்தால் நேற்று தண்ணீராக இருந்த இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு வானம் எது, ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூரத்தில் ஒரு படகு நின்றால் ஆகாயத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கமும் விழிப்பும் கலந்துவிடுகிறது. உம்மா வந்து தோளைத் தொட்டால்தான் மாடியில் இருக்கிறோம் என்பதே நினைவுக்கு வரும்.

இப்போது படகும் இல்லை. ஏரியில் தொழில் நின்றுவிட்டது. கழிகள் இல்லாததால் நீங்கள் கிளம்பிய அன்றைக்கு ஒரே இடத்தில் இரண்டு குப்பத்தாரும் வலை கட்டிவிட்டார்களாம். முறைப்படி அது கெங்கம்மாள் என்கிற மீனவ அம்மா வீட்டு முறை. அவருடைய மகனுக்கும் அடுத்த குப்பத்துப் பச்சையப்பன் ஆட்களுக்கும் கைகலப்பாகி, மகனுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். வலை கிழிந்துவிட்டது. பிரச்சினை தீரும் வரை யாரும் ஏரியில் இறங்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். வாப்பா மீனவர்களிடம் நண்டு, இறால் நிறுத்து வாங்குகிற தராசைத் துடைத்து மேலே தூக்கி வைத்துவிட்டார்.

இன்னொன்றும் பேசிக்கொள்கிறார்கள், அதை உனக்கு எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்களாகப் பிடுங்கியிருக்க மாட்டார்கள், எதிராளி சொல்லித்தான் செய்திருப்பார்கள் என்று ஒரு குப்பத்தார் இன்னொரு குப்பத்தாரைச் சொல்கிறார்கள். "அந்த லீடர் பொண்ணுக்கு யாரோ சொல்லிக் குடுத்துகிறானுங்கபா" என்று வாப்பாவிடம் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

நேற்று ஒரு கனவு வந்தது. நாற்பத்தொரு கழிகளும் தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கள் தெருவில் நடந்து வந்தன. ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டி, "எங்க எடம் எது?" என்று கேட்டன. நான் கையை நீட்டி வழி காட்டினேன். எல்லாம் திரும்பிப் போயின. நான் எங்கே காட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே வெயில் அதிகமா?

மாஹிரா

பொதட்டூர்பேட்டை பக்கம்,
17 மே 2025

மாஹிரா மேடத்துக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். ஏரி வந்தது, உப்பு வந்தது, கனவு கூட வந்தது. நான் கேட்ட கேள்விக்குப் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறாயா?

எனக்கு யாரோ சொல்லிக் கொடுத்தார்களாமா! நான் அந்த ஊருக்கு வந்ததே அந்த ஐந்து நாள்தான். எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே ஆள் நீ. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது என்று எழுதலாமா என்று பார்த்தேன். சரி, எழுதிவிட்டேன்.

இங்கே நேற்று ஒன்று நடந்தது. அத்தை வீட்டு நிலத்துக்குக் கூட்டுக் கிணறு. மூன்று பங்காளிகள், ஆளுக்கு ஒரு நாள் மோட்டார் முறை. நேற்று எங்கள் முறை. நான் வேப்ப மரத்தடியில் படுத்து, வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. பங்காளி வீட்டு ஆள் எங்கள் மடையை அடைத்துவிட்டுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார். திலகவதி அத்தை மண்வெட்டியோடு ஓடின ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "எம் மொறையில கை வெக்கிறதுக்கு நீ யாருடா?" என்று அத்தை போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கா எல்லாம் பறந்தது. வாய்க்காலில் ஓடியது மிஞ்சிப்போனால் அரைமணி நேரத் தண்ணீர்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இதே முறைதானே அங்கேயும்? நாம் பிடுங்கியது நாற்பத்தொரு வீட்டு மடை. விவசாயக் குடும்பத்துப் பெண், எனக்கு இது தோன்றவில்லை பார். கருப்பு நிறப் பாலித்தீன் பைகளோடு சேர்த்து அதையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி. திரும்பக் கேட்கிறேன். உனக்காவது தோன்றியதா, இல்லையா?

நந்தினி

பழவேற்காடு,
20 மே 2025

அன்புள்ள நந்தினிக்கு,

தெரியாமல் சொன்னேன்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இப்போது மீதியையும் எழுதிவிடுகிறேன்.

நான் அந்த ஏரியில் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை. பதினாறு வருஷமாக மாடியிலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் ஏரிப் பக்கம் போவதில்லை. தடுப்பார் யாரும் இல்லை, போகிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான். முகாம் முதல் நாள் தாவீது சார், "மாஹிரா லோக்கல், அவளைக் கேட்டுக்குங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நீங்கள் முப்பத்தொரு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். வகுப்பில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பஸ்ஸில் வருகிற அமைதியான பெண், அவ்வளவுதானே நான்? அந்த ஐந்து நாளும் ஏரிக்கே சொந்தக்காரி மாதிரி நடந்துகொண்டேன். அதில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? தண்ணீரில் நடக்கும்போது கால் தரையில் படவே இல்லை போலிருந்தது.

நீ கேட்டதற்கெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீண்ட காலோடு நின்ற அந்தச் சாம்பல் பறவைக்குப் பெயர் கேட்டாய், 'மணியக்காரன்' என்றேனே, அது நானே வைத்த பெயர். நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். தூரத்தில் தெரிந்த திட்டுக்கும் நான்தான் பெயர் வைத்தேன். அந்த வரிசையில்தான் கழியும் வந்தது. நீ கேட்டாய். தெரியாது என்று சொல்லியிருந்தால் முந்தின இரண்டு நாளும் பொய்யாகிவிடும். "பழசுதான்" என்று வாய் சொல்லிவிட்டது.

அவர்கள் வந்து கத்தியபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? வாப்பாவிடம் இறால் போடுகிறவர்கள் அவர்கள். என் முகம் அவர்களுக்குத் தெரியாது, வாப்பா முகம் தெரியும். இதுதான் காரணம் என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிக் காரணம். அத்தனை பேர் முன்னால், பழவேற்காட்டில் பிறந்தவளுக்கு ஏரி தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன், நந்தினி. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாப்பா எதிரே வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.

மாஹிரா

பொதட்டூர்பேட்டை பக்கம்,
23 மே 2025

அன்புள்ள மாஹிராவுக்கு,

மணியக்காரனா! அடிப்பாவி, அதை நான் எச்.எம்.முக்குக் கொடுத்த முகாம் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அடியில் கோடு கூடப் போட்டிருக்கிறேன்.

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு முன்பு மாதிரி கோபப்பட வரவில்லை. அதனால் நானும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாளாக மதியத் தூக்கத்தில் என் கையில் ஒரு முடிச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது, விழித்தாலும் விரலில் அதன் ஈரம் இருக்கிறது.

ஒவ்வொரு கழியிலும் ஒரு துணி கட்டியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? முதல் கழியைப் பிடித்தவள் நான். துணி புதுசு. பூப்போட்ட புடவைக் கிழிசல், சாயம் கூடப் போகவில்லை. முடிச்சு இறுக்கமாக, நேற்றுக் கட்டிய மாதிரி இருந்தது. குப்பைக்கு யாராவது முடிச்சுப் போடுவார்களா? அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. ஆனால் மாவட்டத்தில் எந்தப் பள்ளி அதிகக் குப்பை அள்ளியதோ அதற்குக் கேடயம் என்றார்களே. நம் குவியல் அன்றைக்குச் சின்னதாக இருந்தது. கழிகளைச் சேர்த்தால் போட்டோவில் ஆள் உயரம் வரும். நீ ஊர்க்காரி, நீ சரி என்று சொல்லிவிட்டால் என் மனசு சும்மா இருக்கும் என்றுதான் உன்னைக் கேட்டேன். தெரிந்துகொள்ள நான் கேட்கவே இல்லை, மாஹிரா.

அதனால் எங்கேயும் போய் எதையும் சொல்லாதே. உன் வாப்பா தொழிலைக் கெடுத்துக்கொள்ளாதே. முப்பதாம் தேதி வந்து டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். இங்கே பள்ளிக்கூடம் நன்றாகத்தான் இருக்கிறதாம். மரம் நிறைய இருக்கிறது. நான் இதைச் சும்மா சொல்கிறேன், எனக்கு அங்கேதான் படிக்க வேண்டும். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி ஓடிவந்து, மணி அடிப்பதற்குள் உன் பக்கத்தில் விழுகிற அந்தக் காலை எனக்கு வேண்டும். ஆனாலும் சொல்லாதே.

நந்தினி

பழவேற்காடு,
27 மே 2025

அன்புள்ள நந்தினிக்கு,

'சொல்லாதே' என்ற உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் அதற்கு முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வாப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஏரி தெரியும்னு நீ இன்னாத்துக்குமா சொன்ன?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன். தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "நாப்பது வருசமா கரையில நின்னு எறா வாங்கிக்கினு கீறேன். படகுல ஒரு காலு வெச்சதில்ல, எனக்குத் தண்ணின்னா பயம். யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குப்பத்தாரும் கரையில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாப்பா முன்னால் நடந்தார், நானும் உம்மாவும் பின்னால். உப்பு மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. யார் முகமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, குரல்கள் மட்டும் எங்கிருந்தோ வந்தன. சொன்னேன். பறவைக்குப் பெயர் வைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

யாரோ சிரித்தார்கள். பச்சையப்பன் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, "அப்ப நீங்க சொல்லிப் புடுங்க வெக்கலியா?" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "நாங்க நீங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தோம்!" என்றார்கள். அதன் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. புதுக் கழி எங்கே வெட்டுவது, என்றைக்கு நடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "கழி போனா இன்னொண்ணு வெட்டிக்கலாம். அதுல கட்டுற துணி அந்தந்த ஊட்டுத் துணி. எங்க கழியில இருந்தது, கட்டிக் குடுத்த எடத்துல செத்துப்போன எம் பொண்ணு பொடவ. அத்தப் போட்டு சாம்பார் வெச்சீங்களே" என்றார். நீ எழுதியிருந்த பூப்போட்ட புடவை அதுவா, வேறு வீட்டுடையதா, எனக்குத் தெரியாது. நீயும் கேட்காதே. எங்கள் வீட்டிலிருந்து துணி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "எங்க ஊட்டுக் கழிக்கு உங்க ஊட்டுத் துணி எதுக்கு?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "மன்னிச்சா எரிஞ்சது வந்துருமா? போ, போயி படி" என்றார். ஆனால் புகாரைத் திரும்ப வாங்கும் தாளில் முதல் கையெழுத்து அவருடையதுதான். எழுத்துக் கூட்டி மெதுவாகப் போட்டார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை அந்தத் தாளையும், தப்பு என் மேல்தான் என்று எழுதிய ஒரு தாளையும் எச்.எம்.மிடம் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். உன் முடிச்சைப் பற்றி நான் எங்கேயும் சொல்லவில்லை, அது உன்னோடு இருக்கட்டும். "புகார் வாபஸ், சரி. ஆனா பேரண்ட்ஸ் கேப்பாங்க, ஒருத்தர் மேலயாவது நடவடிக்கை எடுக்கணும்" என்றார் எச்.எம். என் மேல் எடுங்கள் என்றேன். முப்பதாம் தேதிக்குப் பிறகு சொல்கிறேன் என்றார். நீ திரும்பி வந்துவிடலாம். நான் இல்லாவிட்டாலும் வா. என் இடத்தில் பையை வைத்துக்கொள்.

வாப்பா தராசைக் கீழே இறக்கிவிட்டார். இரண்டு நாளாக யாரும் அதில் இறால் போடவில்லை. "வருவாங்க" என்கிறார்.

மாஹிரா

பொன்னேரி ரயில் நிலையம்,
30 மே 2025, மாலை

அன்புள்ள மாஹிராவுக்கு,

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கடிதம் நாளைக்கே உனக்குக் கிடைத்துவிடும், திங்கட்கிழமை நாம் வகுப்பில் இருப்போம். நாம் என்றால் நாம் இருவரும்.

காலையில் நைனாவோடு எச்.எம். அறைக்குப் போனேன். அவர் உன் தாளை என் முன்னால் வைத்தார். "உம் மேல ஒண்ணும் இல்லமா, நீ வரலாம்" என்றார். நைனாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து, துணி புதுசு என்று எனக்குத் தெரியும், கேடயத்துக்காகப் பிடுங்கினேன் என்று எழுதிக் கொடுத்தேன். நைனா என் தோளைப் பிடித்து அழுத்தினார், நிறுத்தச் சொல்லி. நிறுத்தவில்லை.

எச்.எம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "'நான் இல்ல சார்'னு எழுதிக் குடுத்த பசங்களதான் இத்தினி வருஷம் பாத்துக்கினு இருக்கேன்" என்றார். பிறகு தாவீது சாரைக் கூப்பிட்டார். கேடயம் வேண்டாம் என்று மாவட்டத்துக்கு எழுதச் சொன்னார். ரெண்டு பேருக்கும் மன்றத்தில் எந்தப் பொறுப்பும் கிடையாது, ரெண்டு பேரும் பள்ளிக்கு வரலாம். முடிவு அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பலாம் என்றார் நைனா. எனக்கு இன்னும் ஒரு இடத்துக்குப் போகணும் என்றேன். என்ன தோன்றியதோ, பஸ் ஸ்டாண்டு வரை வந்து பழவேற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஆமாம், உன் ஊருக்கு வந்தேன். கெங்கம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தேன். படகு ஓரமாக உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். முடிச்சு புதுசு என்று தெரிந்தேதான் பிடுங்கினேன் என்று சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் எத்தினி பேருடி வருவீங்க?" என்றார். அவர் திரும்ப வலையைத் தைக்க, நான் நின்றுகொண்டே இருந்தேன். ஏரிக்குள் புதுக் கழிகள் நட்டிருந்தார்கள். கண் கூசுகிற அந்த வெளிச்சத்தில் அவை தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்திலா என்று தெரியவில்லை. நீ எழுதியது உண்மைதான். எண்ணிப் பார்த்தேன், இரண்டு தடவையும் கணக்கு வேறாக வந்தது.

அங்கிருந்து உன் தெரு முனை வரை வந்தேன். உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். உன் வாப்பாதான் என்று நினைக்கிறேன். மாடியில் நீ நின்றாய். ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம். கூப்பிடவில்லை. வாசலில் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்க முடியவில்லை. நீ திரும்புவதற்குள் ஓடிவந்து பஸ் ஏறிவிட்டேன்.

ரயில் வருகிறது. உன் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. திங்கட்கிழமை நீ முன்னால் வந்தால் எனக்கு இடம் போடு.

நந்தினி